கூழும் குறியும்

ஆடி பிறந்துவிட்டால் தாம்பரத்தைச் சுற்றியுள்ள தெருக்களின் முகமே மாறிவிடுகிறது. இரும்புலியூர், பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர், பம்மல், அனகாபுத்தூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வேப்பிலைத் தோரணம், எல்.ஆர்.ஈஸ்வரியின் கணீரென்ற குரல்; மஞ்சள் சேலைகள்; மூன்று கல் கூட்டிய அடுப்பின்மேல் பெரிய பெரிய அண்டாக்கள்! 2021ஆம் ஆண்டில் இவற்றுள் பல ஊர்கள் ஒன்று சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி என்ற பெரும்பெயர் பெற்றன. பெயர் வளர்ந்ததே தவிர, ஆடி ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் சொம்பும் தூக்குமாகக் கூழுக்கு நிற்கும் வரிசை குறையவில்லை.

இந்தக் கூழுக்கும், அதைத் தொடர்ந்து இரவில் நடைபெறும் குறி கேட்டலுக்கும், கல்லூரிப் படி ஏறிவிட்ட நம் வாழ்வில் இனி என்ன இடம்? மரத்தடியில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். “எல்லாம் மூடநம்பிக்கை, தலைமுழுகு” என்பது ஒரு கட்சி. “முன்னோர் முட்டாள்கள் அல்லர், எல்லாவற்றிலும் விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது” என்பது மற்றொரு கட்சி. நான் இரண்டிலும் உறுப்பினன் அல்லன். கூழ் வேண்டும் என்பவன் நான். குறியோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்த வழக்கைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் இடம் தர வேண்டும்.

முதலில் கொஞ்சம் கடல் கடந்து போய் வருவோம். பழைய ஏதென்சு நகரத்தில் அப்பல்லோ என்னும் தெய்வத்துக்குப் ‘பியானோப்சியா’ என்று ஒரு திருவிழா இருந்தது. இலையுதிர் காலத்தில், அவர்கள் கணக்கில் ஒரு மாதத்தின் ஏழாம் நாள், அவரை முதலிய பயறுகளையும் தானியங்களையும் ஒரே பானையில் இட்டு வேகவைத்துத் தெய்வத்துக்குப் படைத்துப் பகிர்ந்து உண்பார்கள். தீசியசு என்னும் வீரன் கிரீட்டுத் தீவிலிருந்து உயிரோடு மீண்டு வந்தபோது, கப்பலில் மிஞ்சியிருந்ததை எல்லாம் ஒரே பானையில் போட்டு வேகவைத்து அனைவரும் கூடி உண்டார்கள். அதன் நினைவே இவ்விழா என்று புளூட்டார்க்கு எழுதி வைத்திருக்கிறார். அப்பல்லோ குறி சொல்லும் தெய்வமும்கூட. டெல்பி மலையில் அவருடைய கோயிலில் பித்தியா என்னும் பூசாரிணி அருள் வந்து சொன்ன வாக்கைக் கேட்க அரசர்களே காத்துக் கிடந்தார்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ரோமப் பேரரசர் தியோடோசியசின் ஆணைகளால் இந்த வழிபாடுகள் தடை செய்யப்பட்டன. ஆனால் கதை அதோடு முடியவில்லை! பழைய தெய்வங்களை மீண்டும் வழிபட வேண்டும் என்று எண்ணிய கிரேக்கர்கள் 1997ஆம் ஆண்டில் ஒரு பேரவை கண்டார்கள். 2017ஆம் ஆண்டில் கிரேக்க அரசு அவர்களது சமயத்தை ஏற்பு பெற்ற சமயங்களுள் ஒன்றாக ஒப்புக்கொண்டது. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படித்தவர்கள், கணிப்பொறி முன் வேலை பார்ப்பவர்கள், தம் வீட்டில் பயற்றுப் பானை வைத்து அப்பல்லோவுக்குப் படைக்கிறார்கள். படையல் முடிந்ததும் கிரேக்க நெடுங்கணக்கின் இருபத்து நான்கு எழுத்துகளைப் பொறித்த காய்களில் ஒன்றை எடுத்து, அதற்குரிய வாசகத்தைப் படித்துப் பலன் பார்ப்பவர்களும் உண்டு. இந்த எழுத்துக்குறி லிசியா நாட்டு ஒலிம்போசு நகரத்துக் கல்வெட்டில் உள்ள பழைய முறை.

இதைக் கேட்டால் நம்மவர் புருவத்தை உயர்த்தி, “ஆகா, என்ன பண்பாடு!” என்பார்கள். எங்கள் ஆயா கேழ்வரகு மாவைக் கரைத்தால் மட்டும் அது பாமரத்தனமாகிவிடுகிறது! அவர்களாவது அறுந்து போன நூலைத் தேடி, புத்தகத்தைப் பார்த்து முடிச்சுப் போடுகிறார்கள். நமக்கு நூல் அறுந்ததே இல்லை. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து இந்திர விழாவில், நாளங்காடிப் பூதத்துக்கு வேகவைத்த பயற்றுப் புழுக்கலும் எள்ளுருண்டையும் ஊன்சோறும் பொங்கலும் படைத்ததாக இளங்கோவடிகள் சொல்கிறார். ஏதென்சுப் பானையும் புகார்ப் புழுக்கலும் ஒரே அடுப்பில் ஏறியவை போலத் தோன்றுகின்றன அல்லவா? எழுதப் படிக்கத் தெரியாத ஆயா இந்த இரண்டு நகரங்களையும் கேள்விப்பட்டதே இல்லை.

ஆயாவின் கூழைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. வீட்டுக்கு ஒரு படி என்று தெருவெல்லாம் வாங்கிய கேழ்வரகு மாவை முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்க விடுவார்கள். விடியற்காலையில் அண்டாவில் நொய் குழைய வெந்ததும், புளித்த மாவைச் சிறிது சிறிதாக ஊற்றி, நீளத் துடுப்பால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று கிண்டுவார்கள். கை ஓய்ந்தால் கட்டி தட்டிவிடும். இறக்கி ஆறிய பின் மோரும் உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும் சேரும். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை; இரவு கும்பப் படையலுக்குக் கருவாட்டுக் குழம்பு. கெட்டி வீட்டு மாவும் ஓலை வீட்டு மாவும் அந்த அண்டாவில் விழுந்த பிறகு எது எவருடையது என்று பிரிக்க எந்த ரசாயனச் சோதனையாலும் முடியாது.

கூழுக்கு ஒரு கதையும் சொல்வார்கள். கணவர் சமதக்கினி முனிவர் கொலையுண்ட துயரில் ரேணுகை தீயில் இறங்கினாள், மழை பெய்து தீ அணைந்தது, உடலெல்லாம் கொப்புளம். வேப்பிலையை உடுத்துக்கொண்டு பசியோடு அவள் போய் நின்ற இடம் அரண்மனை அன்று, அக்கிரகாரம் அன்று. ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் சேரி. அவர்கள் கொடுத்த மாவும் வெல்லமும் இளநீரும்தான் அவள் பசியை ஆற்றின. அதனால்தான் மாரியம்மனுக்கு வேப்பிலையும் மாவும் கூழும் என்பது கதை. இதைச் சொல்லிக்கொண்டே கூழ் ஊற்றும் தெருக்கள் சிலவற்றில், சேரிக்கு ஓர் அண்டா, ஊருக்கு ஓர் அண்டா என்று இன்றும் தனித்தனியாகக் கொதிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆத்தாள் எந்த அண்டாவில் குடித்தாள் என்று அவர்களை யாரேனும் கேட்டால் நன்றாக இருக்கும். ‘மூடநம்பிக்கை ஒழிக’ என்று முழங்கும் நண்பர்கள் முதலில் ஒழிக்க வேண்டியது இந்த இரண்டாவது அண்டாவை என்பது என் தாழ்மையான கருத்து.

இவ்வளவு குறை இருந்தும் கூழை நான் ஏன் விடமாட்டேன் என்கிறேன்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராசபுரமும் அடையாற்று நீரில் மூழ்கியபோது நான் பத்து வயதுப் பையன். எங்கள் தெரு சற்று மேட்டில் இருந்ததால் தப்பியது. அன்று எந்த உத்தரவும் வருவதற்கு முன்பே கோயில் அண்டாக்கள் வெளியே வந்துவிட்டன. அடுப்புக்கல் எங்கே கிடக்கிறது, துடுப்பு எவர் வீட்டுப் பரணில், நூறு பேருக்கு எத்தனை படி அரிசி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே எவருக்கும் இருக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை கூடிச் சமைத்த தெரு அது. கூழ் ஊற்றுவதில் விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறதோ இல்லையோ, இது ஒளிந்திருக்கிறது.

விஞ்ஞானம் என்றதும் இரண்டாம் கட்சி நண்பர்கள் நினைவுக்கு வருகிறார்கள். “வேப்பிலை கிருமிநாசினி, கூழ் குளிர்ச்சி, அம்மை நோயை விரட்டத்தான் இவையெல்லாம்” என்பது அவர்கள் வாதம். சூட்டுக்கு இதமானது கூழ் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரியம்மையை விரட்டியது வேப்பிலை அன்று, நண்பர்களே! நாம் மின்ரயிலில் தினமும் கடந்து செல்லும் கிண்டியில் 1899ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கிங் நிலையம் இருக்கிறது. கன்றுகளின்மேல் வளர்த்தெடுத்த அம்மைப்பாலை அங்கே தயாரித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். குத்தூசியோடு தெருத்தெருவாக நடந்தவர்களின் உழைப்பால் 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980 மே மாதத்தில் உலகத்தைவிட்டே அது ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த ஊழியர்களின் பெருமையை எடுத்து வேப்பிலைக்குச் சூட்டுவது நியாயமாகுமா? அம்மனுக்கும் அதில் பெருமை இல்லை. அம்மை போன பிறகும் அம்மனை மக்கள் விடவில்லை என்பதே அவளுக்குப் பெருமை.

இனி என் வழக்குக்கு வருகிறேன்.

இரவு கும்பம் படைத்தவுடன் பம்பையும் உடுக்கையும் ஒலிக்கத் தொடங்கும். பூசாரி அம்மனை வருணித்துப் பாடப் பாட, பகலெல்லாம் நம்மோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் உடல் நடுங்கும், கூந்தல் அவிழும், குரல் மாறும். கையில் வேப்பிலைக் கொத்தைக் கொடுத்து, கற்பூரம் ஏற்றி, ஒவ்வொருவராக முன்னே போய்க் கேட்பார்கள். நான் விவரம் தெரிந்த நாள்முதல் இதைக் கவனித்து வருகிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கேள்விகளும் பெரும்பாலும் மூன்றே: வீட்டில் ஒருவருக்கு நோய், ஒருவருக்குக் கலியாணம், ஒருவருக்குக் குடி. ஒரு முறை, எவர் பேச்சையும் கேட்காத ஒரு குடிகாரரை அம்மன் கூட்டத்தின் நடுவே அழைத்து, “என் மகளை இனி அழவெச்சே, பாத்துக்க!” என்று உறுமினாள். அந்த மனிதர் வெலவெலத்துப் போனார். தை மாதம் வரை அவர் சாராயக் கடைப் பக்கம் போகவில்லை. தை மாதம் வரைதான். ஆனாலும் ஆறு மாதம் என்பது அந்த வீட்டுக்குச் சிறிய காலம் அன்று.

குறியைக் கேலி செய்வது மேல்நாட்டுக் கல்வி கற்றுக்கொடுத்த பழக்கம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. சங்கப் பாடல்களில் மகள் மெலிவதைக் கண்ட தாய் கட்டுவிச்சியைக் கேட்பாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பிப் பார்த்து ‘முருகன் அணங்கு’ என்பாள். வேலனை அழைத்து, மறியறுத்து, வெறியாட்டு எடுப்பார்கள். நோய்க்குக் காரணம் காதலன் என்பதை அறிந்த தோழியோ இதையெல்லாம் பார்த்து நகைப்பாள். ஐங்குறுநூற்றில் ‘வெறிப்பத்து’ என்று பத்துப் பாடல்களே கபிலர் பாடியிருக்கிறார். நம் நாட்டின் முதல் பகுத்தறிவாளர் அந்தத் தோழிதானோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு! இன்னொரு பக்கம், நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் முதிய பெண்டிர் நெல்லும் முல்லைப் பூவும் தூவி வணங்கி, ஊர்ப்புறத்தில் நின்று விரிச்சி கேட்கிறார்கள். தாயைக் காணாமல் துடிக்கும் கன்றுகளைப் பார்த்து, ‘உங்கள் தாய்மார் இதோ வந்துவிடுவார்கள்’ என்று ஓர் இடைமகள் சொல்வது காதில் விழுகிறது. போருக்குச் சென்ற தலைவன் மீள்வான் என்று அதையே நற்சொல்லாகக் கொள்கிறார்கள். கிரேக்கத்திலும் பாரே என்னும் ஊரில், எர்மசு தெய்வத்தின் சிலைக் காதில் கேள்வியைச் சொல்லிவிட்டு, தம் காதைப் பொத்திக்கொண்டு சந்தையைக் கடந்து, கையை எடுத்ததும் விழும் முதல் சொல்லைப் பதிலாகக் கொண்டார்களாம். காத்திருப்பவர்களின் நெஞ்சுக்கு ஓர் ஆறுதல். அதனால் எவருக்கும் கேடு இல்லை.

கேடு எங்கே வருகிறது? பதிலைத் தெரிந்துகொள்ள வேறு வழி இருக்கும்போது, அந்த வழியைக் குறி அடைத்துவிடும்போதுதான்! எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு இரண்டு மாதமாக ஓயாத இருமல், மாலையானால் காய்ச்சல். பணம் வாங்கிக் குறி சொல்லும் ஒருவர் (ஆடித் திருவிழாவில் அருள் வருபவர் அல்லர், தொழிலாகவே நடத்துபவர்) ‘செய்வினை’ என்றார். தகடும் கயிறுமாக நாட்கள் போயின. வீட்டிலிருந்த அண்டா குண்டானும் அடகுக் கடைக்குப் போயின. அந்த வீட்டிலிருந்து தாம்பரம் சானடோரியம் எவ்வளவு தூரம்? பேருந்தில் பத்து நிமிடம்! டாக்டர் சௌரி முத்து 1928ஆம் ஆண்டில் காசநோய்க்கென்றே தொடங்கிய இடம். ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த இடம். இன்று அரசு மருத்துவமனை. காசநோய்க்கு ஆறு மாத மருந்து காசில்லாமல் கிடைக்கிறது. அக்கா கடைசியில் அங்கே போனார், பிழைத்தார். ஆனால் அதற்குள் அவருடைய குழந்தைக்கும் தொற்றிவிட்டது. மின்ரயில் பெட்டிகளில் ‘வசியம், செய்வினை, தீராத நோய்’ என்று தொலைபேசி எண்ணோடு ஒட்டியிருக்கும் தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு எரிகிறது. மந்திரத்தால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அந்தச் சட்டம் ரயில் ஏறவில்லை போலும்!

இவ்வளவு பேசும் நான் கல்லூரிக்கு வந்ததே ஒரு பூவால்தான் என்றால் நம்புவீர்களா?

எங்கள் வீட்டில் எனக்கு முன் எவரும் பள்ளி இறுதியைத் தாண்டியதில்லை. அப்பா கொத்து வேலை செய்கிறார். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று, மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்குப் பெரியப்பா சொல்லி வைத்திருந்தார். மாதம் பிறந்தால் சம்பளம். “படிச்சு என்ன கலெக்டரா ஆவப் போறான்?” என்றார் பெரியப்பா. அப்பா தம் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு நான் படிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் பெரியவர்கள் பேசும் இடத்தில் அவர் குரலுக்கு ஏது இடம்? சமையற்கட்டிலிருந்து வெளியே வந்து, “ஆத்தாளையே கேட்டுடலாம்” என்று மட்டும் சொன்னார். பெரியப்பாவால் அதை மறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் கல்லூரி. செவ்வரளி வந்தால் தொழிற்சாலை. பொட்டலம் கட்டியது என் தங்கை. அம்மன் காலடியிலிருந்து எடுத்தது பக்கத்து வீட்டுக் குழந்தை. வெள்ளை வந்தது. பெரியப்பா கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “அவளே சொல்லிட்டா, அப்புறம் என்ன?” என்று எழுந்து போனார்.

கணிதம் படிக்கும் எனக்கு, இரண்டு பொட்டலத்தில் ஒன்று வெள்ளையாக வரும் நிகழ்தகவு 1/2 என்பது தெரியும். நாணயத்தைச் சுண்டுவதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. என் வாழ்க்கை அந்த நாணயத்தின்மேல் நின்றது என்று நினைக்கும்போது இப்போதும் உடல் சிலிர்க்கிறது. ஆனால் அந்த 1/2ஐ என் அம்மா எங்கிருந்து கொண்டுவந்தார்? அன்று காலை வரை எனக்கிருந்த வாய்ப்பு பூச்சியம்! பூச்சியத்தைப் பாதியாக்கியது அம்மனின் பெயரைச் சொல்லத் துணிந்த ஒரு பெண்ணின் சாமர்த்தியம். குடிகாரரை மிரட்டிய அம்மனும் அப்படியே. தன் வாயால் சொன்னால் எவரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தவர்கள்தாம் தெய்வத்தின் வாயால் சொல்கிறார்கள். நான் அறிந்தவரையில் பெரியப்பா போன்றவர்கள் குறி கேட்டதில்லை; அவர்களுக்கு அது தேவைப்படவுமில்லை.

ஆகவே குறியை ஒழிப்போம் என்னும் நண்பர்களிடம் என் கேள்வி இது: ஒழித்துவிட்டு, மறுநாள் காலை அந்தச் சமையற்கட்டுக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள்? மேடையில் பெரியார் பெயரைச் சொல்லிவிட்டு, வீட்டில் ‘உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு’ என்று தாயை அடக்கும் பகுத்தறிவாளர்களை நான் இந்த வயதுக்குள்ளாகவே நிறையப் பார்த்துவிட்டேன்.

சீட்டுப் போடுவதே தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். நமக்கு அருகில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலை முறை வெட்டப்பட்டிருக்கிறது. ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஆனால் ஓலை குடத்துக்குள் போகுமுன் எத்தனை விசாரணை! வயது என்ன, நிலம் உண்டா, கல்வி உண்டா, முன்பு கணக்குக் காட்டாமல் ஏமாற்றியவனா என்று அலசி எடுத்தார்கள். அந்தத் தகுதிகள் உயர்குலத்து நிலவுடைமையாளர்க்கே உரியவையாக இருந்தன என்பது வேறு வருத்தம். என் ஓலை அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. இருந்தாலும் அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது: ஆராய்ச்சி முதலில், அதிர்ஷ்டம் பிறகு.

இந்த ஆண்டு என் தங்கை பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறாள். செவிலியர் படிப்பில் அவளுக்கு ஆசை. பெரியப்பா இப்போது ஒரு வரன் சொல்லி வைத்திருக்கிறார். அம்மா மறுபடியும் பூக்கட்டிப் பார்க்கலாம் என்கிறார். “ஒருவாட்டி குடுத்தவ இன்னொருவாட்டி குடுக்கமாட்டாளா?” என்பது அவர் நம்பிக்கை. நான் கூடாது என்கிறேன். என்னை ஒப்பந்த வேலையிலிருந்து காத்த அதே 1/2, அவளைக் கலியாணப் பந்தலில் உட்காரவைக்கவும் கூடும் அன்றோ? அதற்குப் பதிலாக, எந்தக் கல்லூரியில் எவ்வளவு கட்டணம், விடுதி உண்டா, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கென்று 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயை எப்படிப் பெறுவது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தமுறை பெரியப்பா வரும்போது அம்மா சமையற்கட்டிலிருந்து அல்லாமல் கூடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். “நான் பேசினா எடுபடுமாடா?” என்கிறார். பேசிப் பார்ப்போம் என்கிறேன்.

தங்கை எங்கள் வாதம் எதிலும் கலந்துகொள்வதில்லை. பொட்டலம் கட்டுவது எப்போதும் அவள் வேலை. “ரெண்டுலயும் வெள்ளப் பூவே வெச்சிடப் போறேன், ஆத்தா என்னா கோவிச்சுக்கவா போறா?” என்று சிரிக்கிறாள். எனக்குப் பூக்கட்டிய அன்று, குழந்தை எடுத்த பொட்டலத்தை மட்டும்தான் பிரித்தோம். மற்றொன்றை அவளே எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டுவிட்டு வந்தாள்.